கம்பெனிக்குக் கொடுத்த அவகாசத்தை டெய்லர் வீட்டுக்கும் கொடுங்கள்

ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கும் இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2025 நவம்பர் 14 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அமெரிக்காவின் 50 சதவீத வரியால் அடிபட்ட ஏற்றுமதி நிறுவனங்களுக்கு, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை வரவேண்டிய கடன் தவணைகளை வங்கிகள் தள்ளிவைக்கலாம் என்றது. அந்த நான்கு மாதத்துக்குத் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. தள்ளிவைத்ததைக் காரணம் காட்டி அந்தக் கணக்கை வராக்கடன் பட்டியலில் சேர்க்கவும் கூடாது. அதே வாரத்தில் ஒன்றிய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்காக 20,000 கோடி ரூபாய் வரையிலான கடன் உத்தரவாதத் திட்டத்துக்கும் ஒப்புதல் தந்தது.

பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவை நம்பி வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. அந்த உத்தரவு வராமல் போயிருந்தால் இங்கே பல ஷட்டர்கள் இறங்கியிருக்கும். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

நான் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிற ஆள். ஜி.எஸ்.டி., பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் மாதாமாதம் ஏற்றிக் கொடுப்பது தொழில். சம்பளப் பட்டியல் என் கை வழியாகப் போவதால் எந்த கம்பெனியில் யாருக்கு எத்தனை ஷிப்ட் ஓடியது என்பது தெரியும். அதே ஆட்கள் சாயங்காலம் வங்கிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். "இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்குங்க, என்னன்னு பாருங்க" என்பார்கள். இந்த மடல் அவர்களைப் பற்றியது. கம்பெனியின் கடனுக்கு நான்கு மாத மூச்சு கிடைத்தது. அந்த கம்பெனியில் தைக்கிறவரின் வீட்டுக் கடனுக்கு நான்கு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஆர்டர் குறைந்தது இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான்.

திருப்பூர்ச் சம்பளம் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கே கணக்கு ஷிப்டில்தான். ஆர்டர் இருக்கும்போது ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரலாம். சனிக்கிழமை சம்பளம். ஒரு கட்டிங் மாஸ்டரும், செக்கிங்கில் இருக்கும் அவர் மனைவியும் சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது, கடன் கொடுக்கிறவர் பார்ப்பது இந்த ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை. வங்கிப் பாஸ்புத்தகத்தில் வாராவாரம் வரவு அழகாகத் தெரியும், கடனும் அதற்கேற்ற அளவில் கிடைத்துவிடும். ஆர்டர் குறைந்தால் யாரும் வேலையைவிட்டு நீக்குவதில்லை. முதலில் அரை ஷிப்ட் போகும். அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள் என்றாகும். ஆள் வேலையில்தான் இருக்கிறார், அடையாள அட்டை கழுத்தில்தான் தொங்குகிறது, வருமானம் மட்டும் பாதி. டியூ மட்டும் மாதாமாதம் ஐந்தாம் தேதி முழுசாக வந்து நிற்கும்.

ஈ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவர்களுக்கான அடல் திட்டம் ஒன்று இருக்கிறது. சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தருவார்கள். நல்ல திட்டம். ஆனால் வேலை முழுசாகப் போயிருக்கவேண்டும். பாதி வேலைக்காரருக்கு அதில் இடமில்லை.

ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதையும் கிட்டத்திலிருந்து பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனம் தானியங்கி முறையில் பணத்தை எடுக்கப் பார்க்கும். பணம் போதவில்லை என்று திரும்பும். திரும்பியதற்குக் கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்று போடும். சில நிறுவனங்கள் அதே மாதத்தில் மறுபடியும் எடுத்துப் பார்க்கும், மறுபடியும் திரும்பும். சனிக்கிழமை வந்த சம்பளத்தில் முதலில் கழிவது இந்தக் கட்டணங்கள்தான். மிச்சத்தை வைத்து டியூ கட்ட முடியாது, அதனால் நகை அடகுக் கடைக்குப் போகும். நகை தீர்ந்த பிறகு மகளிர் குழுக் கடன், அதற்கப்புறம் வாரவட்டி. மூன்றாவது மாதத்தில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படிகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வீட்டுக் கடனை யாரும் முதலில் நிறுத்துவதில்லை. அதைக் கடைசியாகத்தான் விடுகிறார்கள்.

வீடு வாங்குகிற அன்றைக்கு அரசாங்கம் கூடவே நிற்கிறது, அதை மறுக்கவில்லை. 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வட்டி மானியமாக 2.67 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது. 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 25 லட்சம் வரையிலான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில். அதுவும் கடன் கணக்கு நடப்பில் இருந்தால்தான் அடுத்த தவணை வரும். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு உதவி, கட்டமுடியாமல் போனவருக்கு அந்த உதவியும் நின்றுவிடும் என்று ஆகிறது. வருமான வரியில் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டுதான். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. எங்கள் ஆட்கள் வரி கட்டும் வரம்புக்குள்ளேயே வருவதில்லை என்பதால் எந்த முறையாக இருந்தாலும் அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, வாங்கிய பிறகு? ஒரு கணக்குப் போடுகிறேன். 2022 ஏப்ரலில் ஒருவர் 20 லட்சம் கடன் வாங்குகிறார், 20 ஆண்டு, வட்டி 6.75 சதவீதம். மாதத் தவணை 15,200 ரூபாய் சொச்சம். மே மாதமே ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, ஏற ஆரம்பித்தது. 4 சதவீதத்தில் இருந்தது 2023 பிப்ரவரியில் 6.50-க்குப் போய் நின்றது. அவருடைய வட்டியும் அதே அளவு ஏறி 9.25 ஆனது. 20 லட்சத்துக்கு 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 15,400 ரூபாய்க்கு மேல். பழைய தவணை வட்டிக்கே காணாது. தவணையை 18,300-க்கு ஏற்றவேண்டும், இல்லையென்றால் ஆண்டுகளைக் கூட்டவேண்டும். பல இடங்களில் கேட்காமலேயே ஆண்டைக் கூட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முடியவேண்டிய கடன் எழுபதைத் தாண்டி ஓடுவது கடன் வாங்கியவருக்கே தெரியாது.

ரிசர்வ் வங்கி இதைக் கவனித்தது. 2023 ஆகஸ்ட் 18-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது: வட்டி மாறும்போது சொல்லவேண்டும், தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்கவேண்டும், நிலையான வட்டிக்கு மாற வழி தரவேண்டும், கட்டுகிற தவணை வட்டிக்கே போதாத நிலை வரக்கூடாது. எல்லாமே சரியான வார்த்தைகள். நடைமுறையில் வந்தது ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி, கீழே ஓர் இணைப்பு. நிலையான வட்டிக்கு மாறும் அந்த வழியும் 2025 அக்டோபரிலிருந்து கொடுப்பவரின் விருப்பம் என்று ஆகிவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்க ஆரம்பித்ததும் வங்கிக் கடன்காரர்களுக்கு வட்டி இறங்கியது, அதில் பொய்யில்லை. ஆனால் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிவைக்கப்பட்டவை வங்கிகள் கொடுக்கும் கடன்கள் மட்டும்தான். வீட்டுக்கடன் நிறுவனங்கள் தங்கள் சொந்த விகிதத்தைத் தாங்களே முடிவு செய்துகொள்கின்றன. சம்பளச் சீட்டு சரியாக இல்லாத தையல்காரரும் தள்ளுவண்டிக்காரரும் வங்கி வாசலில் திரும்பி இந்த நிறுவனங்களிடம்தான் போகிறார்கள். யாருக்கு வட்டிக் குறைப்பு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது மெதுவாக வந்து சேர்கிறது.

இப்போது உங்கள் விதி ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும். ஆளுநர் அவர்களே, இந்த மடலில் நீங்கள் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒருவர் இரண்டு டியூ விடுவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் போய், "ஆறு மாசம் வட்டி மட்டும் கட்டறேன், ஆர்டர் வந்ததும் பழையபடி கட்டறேன்" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான, நாணயமான கோரிக்கை. மேலாளருக்கும் கொடுக்க மனசிருக்கிறது. ஆனால் பணக்கஷ்டத்தைக் காரணம் காட்டி ஒரு கடனின் நிபந்தனைகளை மாற்றினால் அது மறுசீரமைப்பு. 2019 ஜூன் 7-இன் விதிமுறைப்படி, நல்ல நிலையில் இருக்கும் கணக்கை மறுசீரமைத்தால் அந்த நிமிடமே அது வராக்கடன். வங்கி அதற்காகப் பணம் ஒதுக்கிவைக்கவேண்டும், கிளையின் கணக்கு கெடும், மேலாளருக்குக் கேள்வி வரும். அதனால் அவர் சொல்கிற பதில்: "எப்படியாவது கட்டிருங்க". உதவி கேட்டு முன்கூட்டியே வருகிறவரையும் மூன்று மாதம் தலைமறைவாகிவிட்டுப் பிடிபட்டவரையும் அந்த விதி ஒரே தட்டில் வைக்கிறது.

அதற்கு விலக்கு கொடுக்க உங்களுக்குத் தெரியும். நவம்பர் உத்தரவில் ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்ததே அந்த விலக்குதான். வெள்ளம், புயல் வந்தால் பாதித்த பகுதிகளுக்கும் தருகிறீர்கள். கொரோனா சமயத்தில் வீட்டுக் கடன்களுக்கே தந்தீர்கள். 2020 மார்ச்சில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. அதற்கப்புறம் தனிநபர் கடன்களை இரண்டு ஆண்டு வரை நீட்டும் சீரமைப்பு. அப்போது வங்கிகள் கவிழ்ந்துவிடவில்லை. வட்டிக்கு வட்டி போட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அரசாங்கம் அந்தக் கூடுதல் வட்டியை ஏற்றுக்கொண்டது, 2021 மார்ச்சில் தீர்ப்பு அதை எல்லோருக்கும் விரித்தது. அந்தப் பாடத்தை வைத்துத்தான் இந்த முறை ஏற்றுமதியாளர்களுக்கு முதல் நாளே தனிவட்டி என்று எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக் கடன்காரர் போட்ட வழக்கின் பலன் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது!

சிறு, குறு தொழில்களுக்கு இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. 2015 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்து, 2016-இல் ரிசர்வ் வங்கி விதியாக்கியது. கணக்கு வராக்கடன் ஆவதற்கு முன்னாலேயே நெருக்கடியின் அறிகுறியைக் கண்டுபிடித்து, ஒரு குழு உட்கார்ந்து, சரிசெய்ய முடியுமா என்று பார்க்கவேண்டும். இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் விதிதான் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பத்து தையல் மிஷின் வைத்திருக்கும் பவர் டேபிள் முதலாளிக்கு அந்தக் குழு உண்டு. அந்த மிஷினில் உட்காருகிறவரின் வீட்டுக்கு அப்படி ஒரு குழு கிடையாது. வேண்டுமென்றே கட்டாதவர்களோடுகூட வங்கிகள் சமரசம் பேசிக்கொள்ளலாம் என்று 2023 ஜூனில் உத்தரவு வந்ததையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்கமுடியவில்லை.

வீட்டுக் கடனில் டியூ கட்டாமல் மூன்று மாதம் தாண்டினால் வருவது சர்ஃபாசி. 2002-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பெரிய நிறுவனங்களின் பாக்கியை நீதிமன்றத்தில் இழுபடாமல் வசூலிப்பதற்கு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. எங்கள் பக்கம் அது அதிகம் தட்டுவது இரண்டு சென்ட், மூன்று சென்ட் இடத்தில் கட்டிய வீட்டின் கதவை.

அந்த நோட்டீஸைப் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்தச் சட்டத்தின் பிரிவு 13(2) என்று ஆரம்பிக்கும். மூன்று டியூ, ஏறக்குறைய 50,000 ரூபாய் பாக்கி என்று நினைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். அதில் கேட்டிருப்பது மூன்று டியூ இல்லை, மொத்தக் கடன். 19 லட்சம் சொச்சத்தை 60 நாளில் கட்டு என்று இருக்கும். 50,000 புரட்டமுடியாதவரிடம் 19 லட்சம். அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினால் சிலர் சிரித்துவிடுவார்கள். பதில் எழுதலாம், நிறுவனம் 15 நாளில் விளக்கம் தரவேண்டும், ஆனால் அந்த விளக்கத்தை எதிர்த்து அந்தக் கட்டத்தில் எங்கும் போகமுடியாது. ஒரு டியூவைக் கொண்டுபோய்க் கட்டினால் கணக்கு மீண்டுவிடுமா என்று கேட்பார்கள். முன்பெல்லாம் பாக்கியை 90 நாளுக்குள் இறக்கினால் பல நிறுவனங்கள் கணக்கை நல்லதாக்கிவிடும். 2021 நவம்பருக்குப் பிறகு, இருக்கிற பாக்கி முழுசும் தீர்ந்தால்தான் வராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வரலாம்.

அப்புறம் உடைமை அறிவிப்பு. கதவில் ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் இரண்டு செய்தித்தாளில் போடுவார்கள், அதில் ஒன்று தமிழ். கணவன் பெயர், மனைவி பெயர், கதவு எண், நான்கு எல்லை, பாக்கித் தொகை எல்லாம் இருக்கும். ஊரே படிக்கும். சில நிறுவனங்கள் இதோடு நிற்காமல் சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டுப் போகின்றன. அந்த வாரத்தில் பெண்ணுக்கு நிச்சயம் வைத்திருந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். அதற்குமேல் அதைப் பற்றி எழுதவில்லை.

எதிர்த்துப் போகவேண்டும் என்றால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம், எங்களுக்குக் கோயம்புத்தூர். சிவில் நீதிமன்றம் இதைக் கேட்கமுடியாது. கோவைக்கு ஒருநாள் போனால் அன்றைய ஷிப்ட் போச்சு, வக்கீல் கட்டணம் ஒரு மாத டியூவைத் தாண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைக்கும்தான் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன்னால் விற்பனை முடியும் வரைக்கும் அவகாசம் இருந்தது. உறவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வீட்டை மீட்பது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நடக்கும், ஏல விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் உறைக்கும். அந்தக் கடைசி வாரத்தைத்தான் திருத்தம் எடுத்துக்கொண்டது.

உங்கள் தரப்பிலிருந்து வரும் பதில் எனக்குத் தெரியும். வங்கியில் இருப்பது பொதுமக்களின் சேமிப்பு. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் ஒழுங்காகக் கட்டுகிறவரும் நிறுத்துவார். கடன் கொடுப்பவர்கள் பயந்து ஏழைகளுக்குக் கடனே தராமல் போவார்கள். இதில் மூன்றாவது வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கி கைவிட்ட ஆட்களுக்கு அந்த வீட்டுக்கடன் நிறுவனங்கள்தான் வீடு கொடுத்தன. அவற்றை மிரட்டி ஓடவிட்டால் மிச்சமிருப்பது வாரவட்டிக்காரர்கள்தான். முதல் இரண்டு வாதங்களும் தள்ளுபடி கேட்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியவை. நான் தள்ளுபடி கேட்கவில்லை. தேர்தல் நேரத்துத் தள்ளுபடி அறிவிப்புகள் திருப்பிக் கட்டும் பழக்கத்தையே கெடுக்கின்றன என்பதுதான் என் அபிப்பிராயமும், இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். அசல் முழுசும் கட்டப்படும், வட்டியும் கட்டப்படும். கேட்பது நேரம் மட்டும்தான். வீட்டுக் கடனில் வராக்கடன் மற்ற கடன்களைவிடக் குறைவாகவே இருக்கிறது என்பது உங்கள் அறிக்கைகளிலேயே உண்டு. சொந்த வீட்டை யாரும் விளையாட்டுக்கு விடுவதில்லை.

பிரிட்டனில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அங்கே சில உதவித்தொகைகள் பெறும் வீட்டுக்காரர்களுக்கு அரசே வீட்டுக் கடனின் வட்டியைக் கட்டுகிறது. 2018 ஏப்ரலிலிருந்து அது இனாம் இல்லை, கடன். வீட்டின் மேல் பாத்தியமாக எழுதி வைத்துக்கொண்டு, வீடு விற்கும்போது வட்டியோடு எடுத்துக்கொள்கிறார்கள். 2,00,000 பவுண்டு வரையிலான கடனின் வட்டிக்கு இது பொருந்தும். காத்திருக்கவேண்டிய காலத்தை 2023-இல் ஒன்பது மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில், வட்டி தாறுமாறாக ஏறியபோது, அரசும் கடன் கொடுப்பவர்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கேட்பவர்கள் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம், அதனால் அவர்களுடைய கடன் மதிப்பெண் குறையாது, முதல் தவணை தவறியதிலிருந்து 12 மாதத்துக்கு வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் வீட்டைப் பிடுங்கமாட்டார்கள். அந்த நாடு ஒன்றும் முதலாளித்துவத்தைக் கைவிட்டுவிடவில்லை. பக்கத்துக் கேரளத்தில், ஒரே வீடு மட்டும் உள்ள ஏழைக் குடும்பங்கள் சிறு கடனுக்காகத் தெருவுக்கு வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வங்கிக் கடன் விதிகள் உங்கள் கையில் இருக்கும்வரை மாநிலங்களால் ஓரளவுக்குமேல் போகமுடியாது. அதனால்தான் இந்த மடல் சென்னைக்குப் போகாமல் தில்லிக்கும் மும்பைக்கும் வருகிறது.

கேட்பது இதுதான். குடியிருக்கும் ஒரே வீடு, கடன் 25 லட்சத்துக்குள். உங்கள் வீட்டு வசதித் திட்டத்தின் வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வரம்பு தேடவேண்டாம். இன்னும் வராக்கடன் ஆகாத கணக்கு. வருமானம் குறைந்ததற்கு அத்தாட்சி. இவ்வளவும் இருந்தால் ஆறு மாதம் வரை வட்டி மட்டும் கட்டலாம், அதுவும் முடியாதவருக்குத் தனிவட்டியில் தள்ளிவைப்பு, தள்ளிவைத்தது மறுசீரமைப்பு ஆகாது, கடன் மதிப்பெண்ணிலும் கறை விழாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் என்று வேண்டுமானால் கட்டுப்பாடு போடுங்கள். இதற்கு நாடாளுமன்றம் வேண்டியதில்லை, ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும்.

அத்தாட்சிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நாங்கள் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. தளத்தில் ஏற்றும் பட்டியலில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்த மாதம் எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் என்று இருக்கிறது. 26 நாள் ஓடியவர் 15 நாளுக்கு வந்துவிட்டால் அது அரசாங்கத்தின் கம்ப்யூட்டரிலேயே தெரியும். தொழிலாளி யாரிடமும் போய்ச் சான்றிதழ் கேட்டு நிற்கவேண்டாம், அவர் சம்மதித்தால் கடன் கொடுத்தவர் நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களும் ஈ.எஸ்.ஐ. பிடிக்காத சின்ன யூனிட்களில் இருப்பவர்களும் இதில் வரமாட்டார்கள், அவர்கள் கணக்கில்லாத அளவு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாஸ்புத்தகத்தின் சனிக்கிழமை வரவுகளைப் பார்க்கலாம். கடன் கொடுக்கும்போது அந்த வரவுகளை நம்பித்தானே கொடுத்தார்கள்?

நிதி அமைச்சர் அவர்களே, வட்டியைக்கூடக் கட்டமுடியாத அளவுக்கு விழுந்தவர்களுக்கு உங்கள் உதவி வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு மறுநிதி கொடுக்க 1988-இலிருந்து தேசிய வீட்டு வசதி வங்கி இருக்கிறது. அதன் வழியாக ஒரு நிதி வைத்து, ஆறு மாத வட்டியை அரசு கடனாகக் கட்டட்டும். இரண்டாவது பாத்தியமாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளட்டும், முதல் கடன் முடிந்த பிறகு அதைத் தவணையில் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். வாங்கும்போது 1.80 லட்சம் மானியமாகவே தர முடிந்த அரசுக்கு, அதே குடும்பத்துக்கு அதில் பாதியைக் கடனாகத் தருவது பாரமில்லை. போன பணம் திரும்பியும் வரும்.

சர்ஃபாசியில் வீட்டை ஒரு தொழிற்சாலைக் கட்டடம் போலப் பார்ப்பதை நிறுத்துவது பெரிய வேலை, சட்டத் திருத்தம் வேண்டும், நாளாகும். அதுவரைக்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. 13(2) நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் மேலே சொன்ன அவகாசத்தை எழுத்தில் கொடுத்துப் பார்த்ததாகக் கடன் கொடுத்தவர் பதிவு செய்யவேண்டும், அந்தப் பதிவு இல்லாமல் மாவட்ட ஆட்சியரிடம் சுவாதீனத்துக்கு மனுப்போடக் கூடாது. நோட்டீஸ் தமிழிலும் இருக்கவேண்டும், மொத்தக் கடனுக்குப் பக்கத்தில் இன்றைக்கு எவ்வளவு கட்டினால் கணக்கு மீளும் என்பதும் இருக்கவேண்டும். சுவரில் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குத் தடை போடுங்கள். வசூலுக்காகக் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்று 2022-இல் நீங்கள் போட்ட உத்தரவை இங்கே பலரும் மதிக்கிறார்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஏல அறிவிப்போடு முடிந்துபோகும் மீட்பு உரிமையை, குடியிருக்கும் ஒரே வீட்டுக்காவது ஏல நாள் வரை திருப்பித் தாருங்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். சர்ஃபாசியில் எத்தனை வழக்கு, எத்தனை கோடி மீட்பு என்று ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மொத்தக் கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள். அதில் குடியிருக்கும் வீடு எத்தனை, 25 லட்சத்துக்கு உட்பட்ட கடன் எத்தனை, எந்த மாவட்டத்தில் எத்தனை, ஏலத்தில் போன விலை என்ன, கடன் போக மிச்சம் வீட்டுக்காரர் கைக்கு வந்ததா என்பதைப் போடுங்கள். ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்த நான்கு மாதத்தில் திருப்பூர் மாவட்டத்தில் எத்தனை 13(2) நோட்டீஸ் போனது என்பதை முதலில் வெளியிட்டால் நல்லது. அந்தப் பட்டியலை என் சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரில் கணக்கு எழுதும் ஒருவர்